தல்க்காலம் ஏற்றி வைத்த பிளக்

தம்பி, நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலையில் அந்த ரிலேயின் பிளக்கைத் தொடாதே. யார் சொன்னாலும் தொடாதே. இந்த நாலு வரியைப் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் நீ வைக்கமாட்டாய். ஏன், எதற்கு என்று கேட்காமல் உனக்குச் சின்ன வயதிலேயே சோறு இறங்காது. அந்த ஏன் என்பதற்குப் பதில் எழுத எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுமையாகப் படி.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மீனாட்சிபுரத்தில் முத்தையா மாமா வீட்டில் தங்கி, அத்தை கையால் சாப்பிட்டு, பக்கத்துச் சப்ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போய் வருகிறாய் என்று படித்தபோது உன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கூடப் பிறந்த தம்பி வீட்டில் பிள்ளை இருக்கிறான் என்றால் அவளுக்கு வேறென்ன வேண்டும்? பம்ப்செட்டுகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் லைனைப் பற்றி நீ எழுதியிருந்தாய். கோடை முற்றிவிட்டது, எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஒரே நேரத்தில் ஓடுகிறது, ரிலே தட்டித் தட்டி லைனை அணைக்கிறது, விவசாயிகள் கேட்டில் வந்து நிற்கிறார்கள். "ஏனுங்க தம்பி, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கரண்டு போச்சுன்னா மாட்டுக்குத் தண்ணி எப்படிங்க காட்டறது?" என்று ஒருவர் கேட்டதை நீ அப்படியே எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். அதற்குக் கீழே, சிரிப்பதற்கென்றே எழுதியமாதிரி, உன் மலையாளி என்ஜினீயர் சொன்னது: "தல்க்காலம் நூற்றைம்பதில் கூட்டி வெச்சோ. மழ வந்தால் குறைக்காம்." அப்படிப் பிளக்கை நூற்றைம்பதுக்கு ஏற்றும் வேலையைத் திங்கட்கிழமை காலை ஷிப்டில் நீதான் செய்யப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "என்னாச்சு, ஈ கெடக்கா?" என்றாள் உன் அம்மா.

தல்க்காலம். இப்போதைக்கு என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. கேரளத்து மலையில் இந்தச் சித்திரபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைச் சொந்தமாக்கிக்கொண்டோம், அவ்வளவு வசதியான சொல். குவார்ட்டர்ஸ் கூரையில் ஒழுகும் இடத்தில் வைத்த தகரம் தல்க்காலம். நம் அடுப்படிப் பலகைக்கு ஒரு காலாக வைத்த செங்கல் தல்க்காலம். உன் தங்கை பிறப்பதற்கு முன்பு வைத்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் சப்ஸ்டேஷனிலும் ஒரு தல்க்காலம் இருந்தது. அதைப் பற்றி இதுவரை ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

ரிலேயைப் பற்றி உனக்கு டிப்ளமாவில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தவன். கறுப்புப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஓர் அலுமினியத் தட்டு. லைனில் நூறு ஆம்பியர் ஓடினால் அதை ஐந்தாகச் சுருக்கிப் பெட்டிக்குள் அனுப்புவார்கள். கரண்ட் அளவோடு இருக்கும்வரை தட்டு அசையாது. மீறினால் சுழலும், கொஞ்சம் மீறினால் மெதுவாக, நிறைய மீறினால் விறுவிறுவென்று. சுற்றி வந்து அங்கிருக்கும் முனையைத் தொட்டதும் பிரேக்கர் திறந்துகொள்ளும், லைன் செத்துவிடும், பெட்டிக்குள் ஃபிளாக் விழும். நான்தான் அணைத்தேன் என்று ரிலே போடும் கையெழுத்து அந்த ஃபிளாக். எத்தனை ஆம்பியரில் தட்டு அசையத் தொடங்க வேண்டும் என்பது பிளக்கைச் செருகும் துளையில் இருக்கிறது. எவ்வளவு நேரத்தில் சுற்றி முடிக்க வேண்டும் என்பது மேலே உள்ள டயலில் இருக்கிறது. கோளாறுக்குப் பக்கத்தில் இருக்கும் ரிலே முந்திக்கொள்ள வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தோட்டத்துக் கோளாறுக்கு ஊரே இருண்டு போகும்.

மோட்டார் ஓடத் தொடங்கும்போது நாலைந்து மடங்கு கரண்டை இழுக்கும், சில வினாடியில் அடங்கிவிடும். அதை ரிலே பொறுத்துக்கொள்ள வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிளக்குக்கு இடம். அப்புறம் ஒன்று, இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம்: லைன் நீள நீள, கம்பியே கரண்டைத் தடுக்கும். ஸ்டேஷன் வாசலில் இரண்டு கம்பி முட்டினால் ஆயிரக்கணக்கில் பாயும். பதினைந்து மைல் தள்ளி மலை முகட்டில் முட்டினால் இருநூற்றுச் சொச்சம்தான். பிளக்கை ஏற்றி வைத்தால் வாசலில் நடப்பது ரிலேக்குத் தெரியும், கோடியில் நடப்பது தெரியாது. கோடியில்தான் நம் ஆட்கள் நடந்து போவார்கள்.

எமர்ஜென்சி வருவதற்கு நாலு வருஷம் முன்பு, வைகாசி மாதம். எஸ்டேட்டில் தேயிலைக் கொளுந்து மொத்தமாகப் பொங்கி வந்த சமயம். மேல் டிவிஷன் பாக்டரியில் எல்லா மோட்டாரையும் ஒன்றாகப் போடுவார்கள், ரிலே தட்டிவிடும், இலை கெட்டுப் போகும், பாக்டரியிலிருந்து போனில் கத்துவார்கள். அப்போது எங்களுக்கு இருந்த என்ஜினீயரும் போனில்தான் சொன்னார், "தல்க்காலம் கூட்டி வெச்சோ." காகிதத்தில் ஒன்றும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. நூறில் இருந்த பிளக்கைப் பிடுங்கி இருநூறில் செருகினேன். நூற்றைம்பதாவது வைத்திருக்கலாம், அடிக்கடி மாற்றுவதற்குச் சோம்பல், அவ்வளவுதான். லாக் புக்கில் எழுதவில்லை. இப்போதைக்குத்தானே, இறக்கும்போது சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மற்ற இரண்டு ஷிப்ட்காரர்களிடம் வாயால் சொன்னேன். கொளுந்து குறைந்தது, பாக்டரியில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள், ஆனி போய் ஆடி வந்தது. நாங்கள் மூன்று பேரும் தினம் அந்தக் கண்ணாடியைத் துணியால் துடைத்தோம். பிளக் இருநூறிலேயே இருந்தது.

ஆடிக் காற்று எங்கள் மலையில் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோல் ரூம் விளக்கு மங்கியது. மேல் டிவிஷன் ஃபீடரின் மீட்டர் முள் எழும்பி இருநூற்றிருபதில் நின்றது. ரிலேயைப் பார்த்தேன். தட்டு அசைந்தது. சுழலவில்லை, ஊர்ந்தது, நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி. "பாக்டரிக்காரன் ஸ்டார்ட் பண்றான்," என்று வாய்விட்டுச் சொன்னேன். அறையில் வேறு யாரும் இல்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதோ முள் இறங்கும், இதோ இறங்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இறங்கவில்லை. ஸ்விட்ச் கைப்பிடியைத் திருகினேன், பிரேக்கர் படாரென்று திறந்துகொண்டது. எத்தனை வினாடி நின்றேன்? கையில் கடிகாரம் இருந்தது, நான் பார்க்கவில்லை. அரை நிமிஷம் இருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த அரை நிமிஷத்தில் மேல் டிவிஷனில் உன் மாமா நின்றுகொண்டிருந்தான். லைன்மேன் முத்தையா, அன்று லைன் பார்த்து நடக்கும் டூட்டி. தேயிலைக்கு நடுவே நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து விழுந்து இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்திவிட்டது. கம்பி தொய்ந்து, கொளுந்தெடுக்கும் பெண்கள் நடக்கும் பாதைக்கு மேலே தாழ்ந்து தொங்கியது. அவன் எல்லோரையும் கை காட்டி நிறுத்தினான். எங்கள் பக்கத்து லைன்மேன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: எது விழுந்தாலும் இருந்த இடத்திலேயே நின்று இருபது எண்ணுவார்கள். ரிலே தன் வேலையை முடிக்க மூன்று வினாடி போதும். இருபது என்பது அவர்கள் பயத்துக்குச் சேர்த்த மிச்சம். எண்ணிய பிறகும் ஸ்டேஷனிலிருந்து தகவல் வராமல் கிட்டே போகக்கூடாது என்பது சட்டம். அது அவனுக்கும் தெரியும். எண்ணி முடித்து அவன் அசையாமல்தான் நின்றிருக்கிறான். பெண்களில் ஒருத்தி மிரண்டுபோய், கூடையோடு கம்பிக்குக் கீழே ஓடி, சறுக்கி விழுந்தாள். அப்போதுதான் அவன் ஓடினான். இருபது எண்ணியாயிற்று, கம்பி செத்திருக்கும், அங்கே மச்சான் டூட்டியில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஓடினான். அவளை இழுத்துத் தள்ளிய அதே கணத்தில் கம்பி எரிந்து அறுந்து அவனுடைய வலது கையில் விழுந்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவனுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

இனி எழுதுவதுதான் அசிங்கமானது. போனில் செய்தி வந்தது. அடிபட்டது யார் என்று கேட்டேன், பெயரைச் சொன்னார்கள். நான் போனை வைத்தேன். வைத்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? உன் அம்மாவுக்குச் சொல்ல ஓடவில்லை. ரிலேயின் கண்ணாடியைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, நூறில் செருகினேன். பிறகு லாக் புக்கை எடுத்து, ரிலே வேலை செய்தது, ஃபிளாக் விழுந்தது, மறுபடி தூக்கி வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபிளாக் விழவே இல்லை, தம்பி. சாயங்காலம் மின்சார போர்டிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் பிளக் நூறில் இருப்பதைப் பார்த்தார்கள், என் எழுத்தைப் படித்தார்கள். ரிலே சரியாக இருந்திருக்கிறது, அப்படியானால் இவன் லைன் சாகும் முன்பே பாய்ந்திருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். லைன்மேனின் அஜாக்கிரதை என்று எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவி நான், அந்தக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்தவன் வலியைப் பற்றிப் பேசவில்லை, கையைப் பற்றிக் கேட்கவில்லை.

"மச்சான், அன்னைக்கு ஃபிளாக் விழுந்துச்சா?"

லைன்மேன் அல்லவா, எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், வேலை போயிருக்கும், ஜெயிலுக்குப் போயிருப்பேன், எது வேண்டுமானாலும் நடந்திருக்கும். ஆனால் மனுஷனாக இருந்திருப்பேன்.

"விழுந்துச்சு மாப்ள."

"அப்ப என் தப்புதான். இருவது எண்ணுனேன் மச்சான், ஆனா பயத்துல வெரசா எண்ணிட்டேன் போல," என்றான். உன் அம்மா அவன் நெற்றியைத் தடவி, "போறது போகட்டும்லே, உசுரு இருக்குல்ல," என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவன் மீனாட்சிபுரத்துக்கு, சரசு அத்தையின் ஊருக்கே போய் மாடு வைத்துப் பிழைத்ததும், அவள் கறக்க அவன் ஒற்றைக் கையால் பால் கேனைச் சுமப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஒரு பொங்கலுக்கு அவர்கள் இங்கே வந்திருந்தபோது உன் தங்கையோடு அவன் கண்ணாமூச்சி ஆடினான். சுவரில் முகத்தை வைத்து ஒன்று, இரண்டு என்று இழுத்து இழுத்து எண்ணினான். "வெரசா எண்ணுங்க மாமா," என்று அவள் கத்தினாள். "மாட்டேன் தாயி, மாமா இப்பத்தான் நிதானமா எண்ணப் படிச்சிருக்கேன்," என்று சிரித்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நீ, மாமா கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று சொன்னாய். பதினாலு வயது உனக்கு. தட்டின் முன்னாலேயே உன்னை ஓங்கி அறைந்தேன். ஏன் அடித்தேன் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை, எதையும் கேட்காமல் விடாதவன் அதை மட்டும் கேட்காமல் விட்டாய். நான் சொல்லிக் கொடுத்திருந்த பொய்யைத்தான் நீ திருப்பிச் சொன்னாய். அந்த அறை எனக்கு விழ வேண்டியது.

மறுநாள் பஸ் ஏறும்போது சரசு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "தூக்கத்துலயும் எண்ணிக்கிட்டே இருக்கறாருங்கண்ணா. பத்தொம்போதுல நின்னுக்கறாருங்க. இருவதுன்னு வாயில வர்றதே இல்லீங்க." நான் தலையை ஆட்டினேன். தைலம் தேய்த்துவிடச் சொன்னேன். தைலம்! என் வாய்க்கு வந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் வெளியே போய் உட்கார்ந்தேன். நீ கெட்டவனாக இருந்தால் எனக்கு இத்தனை பயம் இருக்காது. கேட்டில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்து மனசு இளகித்தான் நீ அந்தப் பிளக்கை ஏற்றப் போகிறாய், நானும் கெட்ட எண்ணத்தில் ஏற்றவில்லை. அன்று சாயங்காலமே உன் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தம்பி தூக்கத்துல எண்ணுறான்னு சரசு சொன்னாள்ல, அப்பவும் வாயத் தொறக்கலியே நீங்க?"

"பயம்."

"யாருக்கு? எனக்கா, போர்டுக்கா?"

அவள் எழுந்து போய்ப் பையில் இரண்டு சேலையை மடித்து வைத்தாள். "எழுத வேண்டியத எழுதுங்க. தபால்ல போட்டா திங்கக்கெழமைக்குள்ள போவாது. நானே கொண்டு போறேன்," என்றாள். இன்று காலை காப்பி வைத்தாள், எனக்கு முன்னால் வைக்காமல் அடுப்பு மேட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். நாளைக்குக் காலை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் கிளம்புகிறாள். இந்தக் கடிதம் அவள் கையிலிருந்துதான் உனக்கு வரும். அவளைப் படித்துக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதே, முதலில் தண்ணீர் கொடு.

இனி திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஃபீடர் தட்டுவது உண்மை, விவசாயிகளின் கஷ்டமும் உண்மை, வாயை மூடிக்கொண்டிரு என்று நான் சொல்லவில்லை. பிளக்கை ஏற்றுவதே பாவம் என்றும் சொல்லவில்லை. உன் என்ஜினீயரிடம் மரியாதையாகக் கேள்: சார், லைன் முடிகிற இடத்தில் ஷார்ட் ஆனால் எத்தனை ஆம்பியர் வரும்? நூற்றைம்பதில் ரிலே அதைப் பிடிக்குமா, எத்தனை வினாடியில்? கணக்குப் போட்டு, எந்தத் தேதியில் திரும்ப இறக்குவது என்பதையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், தாராளமாக மாற்று. மாற்றியதை லாக் புக்கில் எழுது, அடுத்த ஷிப்ட்காரனிடம் கையெழுத்து வாங்கு. தரவில்லை என்றால், முடியாது சார் என்று சொல்லிவிட்டு நில். கத்துவார், கத்தட்டும். அதுவரை பம்புகளை முறை வைத்துப் போடலாமா என்று கேட்டில் நிற்பவர்களிடம் நீயே பேசிப் பார். அந்த ஊர்க்காரர்கள் "சரிங்க தம்பி" என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் செய்வார்கள், உன் அத்தையைப் பார்த்தாலே தெரியும்.

கவரில் இன்னொரு காகிதம் இருக்கிறது. பிளக்கை ஏற்றியது நான், மறைத்தது நான், லாக் புக்கில் பொய் எழுதியது நான், முத்தையாவிடம் அஜாக்கிரதை இல்லை என்று போர்டுக்கு எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கிறது, அதைப் பற்றி நீ யோசிக்காதே. மாமா வேண்டாம் என்று தடுப்பான், அவன் குணம் அப்படி. கேட்காமல் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. எனக்குத் திங்கள்வரை ஷிப்ட் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வருகிறேன். ஷிப்ட் ஒரு சாக்கு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் நாலு நாள் கேட்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அவன் அதுவரை காத்திருக்க வேண்டாம். இதற்குக் கீழே இருப்பதை அவனை உட்கார வைத்துச் சத்தமாகப் படி. சரசுவும் கேட்கட்டும்.

மாப்ள, அன்னைக்கு ஃபிளாக் விழல. பிளக்கு எரநூறுல இருந்துச்சு, வச்சவன் நான். மூணு எண்ணுறதுக்குள்ள செத்திருக்க வேண்டிய கம்பி அது. நீ வெரசா எண்ணல. இருவதும் சரியாத்தான் எண்ணுன.